இலவசச் சேனலுக்கு எதற்குப் பூட்டு? தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் ட்ராய்க்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர், தகவல் ஒலிபரப்பு அமைச்சகம்
தலைவர், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (ட்ராய்)
புது தில்லி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு டிஜிட்டல் டி.வி.யிலும் யு.எஸ்.பி. வழியாக இயங்கும் பொது இடைமுகம் (சேனலின் பூட்டைத் திறக்கும் சிறு கருவியை, எந்த நிறுவனத்துடையதானாலும், செருகும் துளை) ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் ட்ராய் அமைச்சகத்துக்குப் பரிந்துரை செய்தது. ஒரு நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸ் இன்னொரு நிறுவனத்தின் இணைப்பிலும் வேலை செய்ய வேண்டும் என்றும் அதே பரிந்துரை சொன்னது. 2025 பிப்ரவரியில், ஒளிபரப்புச் சேவை உரிமங்கள் பற்றிய பரிந்துரையில், ட்ராய் இந்த விஷயத்தை மறுபடியும் எழுப்பியது. நடுவில் ஐந்து வருடம் போய்விட்டது. புது டி.வி.களின் பின்பக்கத்தை அன்றாடம் திறந்து பார்ப்பவன் நான். அந்தப் பரிந்துரையின் சுவடு எதிலும் இல்லை.

வடசென்னையில் டி.வி. பழுது பார்ப்பது என் தொழில். பிக்சர் டியூப் காலத்தில் கற்றுக்கொண்டு, இன்று எல்.இ.டி. பேனலும் மதர்போர்டும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். வாடிக்கையாளர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

"அண்ணே, டி.வி.க்குள்ளேயே டிஜிட்டல் ட்யூனர் இருக்குன்னு சொல்லித்தானே வித்தாங்க? கேபிள் வயரை நேரா சொருகினா ஏன் படம் வரல?"

படம் எப்படி வராமல் போகிறது என்பதை நீங்கள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். செட்டாப் பாக்ஸைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து வரும் கேபிளை டி.வி.யின் ஆன்டெனா துளையில் செருகுங்கள். மெனுவில் 'கேபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஸ்கேன் போடுங்கள். டி.வி.பி.-சி ட்யூனர், அதாவது கேபிளுக்கான டிஜிட்டல் ட்யூனர், உள்ள டி.வி. என்றால், சதவீதம் ஏற ஏறச் சேனல்கள் ஒவ்வொன்றாக வந்து விழும். பெயர்கூடப் பிழையில்லாமல் வரும். டி.டி. தமிழ் வரும், டி.டி. நியூஸ் வரும், செய்திச் சேனல்கள் வரும், பக்திச் சேனல்கள் வரும். வீட்டுக்காரர் முகம் மலரும். ஒரு சேனலைத் தேர்ந்தெடுத்து ஓகே அழுத்தினால் திரை கறுப்பு. மூலையில் 'ஸ்க்ராம்பிள்டு' என்று ஒரு வரி. அடுத்த சேனலும் அதே. அதற்கடுத்ததும் அதே. காசு கட்டிப் பார்க்கும் சேனல் மட்டுமல்ல, இந்திய அரசே நடத்தும் தூர்தர்ஷனும் அதே கறுப்பு.

டி.வி.யில் கோளாறு இல்லை, கேபிள்காரரின் லைனிலும் கோளாறு இல்லை. சேனல் பெயர் வருகிறது என்றாலே ட்யூனர் அந்த அலைவரிசையைப் பிடித்துவிட்டது, பண்பேற்றத்தைப் பிரித்துவிட்டது, பிழை திருத்தம் முடித்துவிட்டது, உள்ளே என்னென்ன சேனல் இருக்கிறது என்ற பட்டியலைப் படித்துவிட்டது என்று பொருள். கேபிளில் ஒவ்வொரு 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்திலும் ஒரு டிஜிட்டல் ஓடை வருகிறது. சாதாரணத் தரத்தில் பதினைந்து இருபது சேனல்கள் அதற்குள் அமர்ந்துவிடும். இதைப் பிரித்தெடுக்கும் டி.வி.பி.-சி முறை 1994இலிருந்தே இருக்கிறது. ட்யூனர் அத்தனை வேலையையும் செய்து முடித்தபின், படமும் ஒலியும் இருக்கும் பகுதி மட்டும் மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது பூட்டப்பட்டு, இருப்பதால் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

செட்டாப் பாக்ஸ் செய்வது மூன்று வேலை: அலைவரிசையைப் பிடிப்பது, பூட்டைத் திறப்பது, சுருக்கிவைத்த படத்தை விரிப்பது. முதல் வேலையையும் மூன்றாம் வேலையையும் டி.வி. தானே செய்யும். பென் டிரைவில் படம் ஓட்டுகிற, இணையத்தில் 4கே படம் காட்டுகிற டி.வி.க்கு ஒரு சாதாரணச் சேனலை விரித்துக் காட்டுவது பெரிய காரியமே இல்லை. நடுவில் உள்ள பூட்டுத் திறக்கும் வேலைக்காக மட்டும்தான், ஏற்கெனவே உள்ளே இருக்கும் ட்யூனரையும் டீகோடரையும் இன்னொரு ஜோடி வாங்கி, தனி அடாப்டரும் தனி ரிமோட்டும் சேர்த்து டி.வி.க்குக் கீழே வைத்திருக்கிறோம். வீட்டுச் சாவி வேண்டும் என்று கேட்டவருக்கு இன்னொரு வீட்டையே கட்டிக் கொடுத்தது போல இருக்கிறது இது.

காசு கொடுத்துப் பார்க்கும் சேனலுக்குப் பூட்டு வேண்டும். அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. அனலாக் காலத்தில் எத்தனை வீட்டுக்கு இணைப்பு போகிறது என்பதற்குச் சரியான கணக்கே இல்லாமல் இருந்தது எனக்கும் தெரியும். சேனல்காரர்களுக்கு வரவேண்டிய பணம் நடுவில் கரைந்தது, அரசுக்கு வரவேண்டிய வரியும் கரைந்தது. டிஜிட்டல் முறையைக் கொண்டுவந்ததற்கு அது நியாயமான காரணம். ஆனால் சந்தா இல்லாத சேனலில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? அதற்கு எதற்குப் பூட்டு?

இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் நம் சட்டமே தெளிவான பதில் வைத்திருந்தது. கேபிள் டி.வி. சட்டம் 1995இல் வந்தது. அதில் 2002இல் சேர்க்கப்பட்ட 4-ஏ பிரிவு, கட்டணச் சேனல்களை மட்டும்தான் பெட்டி வழியாக அனுப்பச் சொன்னது. இலவசச் சேனல் என்றால் பார்ப்பவரின் டி.வி.யோடு எந்தக் கருவியையும் இணைக்காமல் கிடைக்க வேண்டிய சேனல் என்று அன்றைய சட்டமே வரையறை சொன்னது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2003 செப்டம்பரில் நாட்டிலேயே சென்னையில்தான் அந்தச் சி.ஏ.எஸ். முறை (கட்டணச் சேனலுக்கு மட்டும் பூட்டு வைக்கும் முறை) வந்தது. குறைந்தது 30 இலவசச் சேனல்கள் அடங்கிய அடிப்படைத் தொகுப்புக்கு மாதம் 72 ரூபாயும் வரியும் என்று அரசு விலை வைத்தது. கட்டணச் சேனல் வேண்டும் என்பவர் பெட்டி வாங்கினார். வேண்டாம் என்பவர் வயரை நேராக டி.வி.யில் செருகிச் செய்தியும் பாட்டும் பார்த்தார். எங்கள் பகுதியில் பெட்டி வாங்காத வீடுகளே அதிகம். அவர்கள் வீட்டு டி.வி. இருண்டு கிடக்கவில்லை.

2011 திருத்தத்தில் அது மாறியது. 'எந்தச் சேனலானாலும்' மறையாக்கம் செய்துதான் அனுப்ப வேண்டும் என்று 4-ஏ பிரிவு திருத்தி எழுதப்பட்டது. முதல் கட்டமாக நான்கு பெருநகரங்கள், இரண்டாம் கட்டத்தில் கோவை உள்ளிட்ட 38 நகரங்கள், பிறகு மற்ற நகர்ப்புறங்கள், கடைசியாகக் கிராமங்கள். 2017 மார்ச்சோடு அனலாக் கேபிளுக்கு முடிவு என்று நாள் குறிக்கப்பட்டது. சென்னையில் வழக்குகளால் கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் செட்டாப் பாக்ஸ் தேவைப்பட்டது. அதையும் நான் மறுக்கவில்லை. 2006 முதல் தமிழ்நாடு அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல வண்ண டி.வி.க்கு டிஜிட்டல் என்றால் என்னவென்றே தெரியாது. அதில் இருந்தது அனலாக் ட்யூனர். பெட்டி இல்லாமல் அந்த டி.வி.யில் எதுவும் வந்திருக்காது. தமிழ்நாட்டில் அரசு கேபிள் நிறுவனமே பெட்டிகளை விலையில்லாமல் கொடுத்ததற்கும் அதுதான் காரணம். ஆனால் அந்த டி.வி.களில் எத்தனை இன்று ஓடுகின்றன? என் கடைக்கு அவை வருவது ஏறக்குறைய நின்றேவிட்டது. டிஜிட்டல் படத்தை விரிக்கத் தெரிந்த டி.வி. இன்று கூலித்தொழிலாளி வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. பழைய டி.வி.க்காக எழுதிய விதி மட்டும் அப்படியே நிற்கிறது.

இதன் விலையைக் கொடுப்பவர்கள் யார் என்று சொல்கிறேன்.

எங்கள் தெருவில் தனியாக வசிக்கும் ஒரு பாட்டி இருக்கிறார். இரண்டு ரிமோட். டி.வி. ரிமோட்டில் கை தவறி 'சோர்ஸ்' பட்டனை அழுத்திவிட்டால் எச்.டி.எம்.ஐ. போய் வேறு எதுவோ வந்துவிடும். "தம்பி, டி.வி.யில ஒண்ணும் வரலப்பா, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்" என்று போன் வரும். நான் போய் ஒரு பட்டனை அழுத்திவிட்டு வருவேன். அதற்குக் காசு வாங்க முடியுமா? வாங்குவதில்லை. அவருக்கு வேண்டியது காலையில் பக்திப் பாட்டு, மாலையில் செய்தி. இரண்டும் இலவசச் சேனல்கள். அந்த இரண்டுக்காக அவர் ஒரு பெட்டி, ஒரு அடாப்டர், ஒரு எச்.டி.எம்.ஐ. வயர், இரண்டு ரிமோட், நாலு பேட்டரி ஆகியவற்றோடு போராடுகிறார். பெட்டியின் அடாப்டர் மழைக்காலத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது போய்விடும். டி.வி. நன்றாக இருக்கும், லைன் நன்றாக இருக்கும், அடாப்டர் வரும்வரை அவர் வீட்டில் செய்தி இல்லை. வெள்ளம் வரும் ஊர் ஐயா இது. வானிலைச் செய்தி எங்களுக்கு நேரப்போக்கு அல்ல.

வாடகை வீட்டுக்காரர்களின் கதை வேறு. பெரம்பூரில் ஒரு இணைப்புக்காக வாங்கிய பெட்டி, வேளச்சேரிக்குக் குடிபோனால் அங்குள்ள இணைப்பில் வேலை செய்யாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு பூட்டு முறை வைத்திருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்த பெட்டி பரணில் ஏறும், அல்லது என் கடையில் வந்து விழும். "எதுக்காவது ஆகுமாண்ணே?" என்பார்கள். ஆகாது. உள்ளே இருக்கும் சிப்பு நல்ல நிலையில் இருக்கும், ட்யூனர் நல்ல நிலையில் இருக்கும், பவர் சப்ளை நல்ல நிலையில் இருக்கும். வேறு இணைப்பில் அதை ஓட்ட யாராலும் முடியாது. கோணி கோணியாகக் காயலான் கடைக்குப் போகிறது. உழைக்கக் கூடிய நிலையில் உள்ள ஒரு கருவியைக் குப்பையில் போடும்போது ஒரு மெக்கானிக்குக் கை கூசும். அந்தக் கூச்சம் சட்டம் எழுதுபவர்களுக்கும் வேண்டும் என்பது என் எண்ணம்.

மின்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மேசையில் மீட்டர் வைத்து அளந்த பழைய பெட்டிகள் பல, ரிமோட்டில் அணைத்த பிறகும் ஓடும்போது எடுத்ததில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டிருந்தன. தொட்டால் சூடு தெரியும். 10 வாட் எடுக்கும் பெட்டி இரவு பகலாக இருந்தால் மாதம் ஏழு யூனிட்டுக்கு மேல். டி.வி.க்கு நட்சத்திர முத்திரை ஒட்டி மிச்சம் பிடித்ததை, பக்கத்தில் இருக்கும் பெட்டி சத்தமில்லாமல் தின்கிறது.

2022 நவம்பரில் தமிழ்நாட்டில் நடந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். மென்பொருள் சிக்கல் ஒன்றில் லட்சக்கணக்கான செட்டாப் பாக்ஸ்கள் ஒரே சமயத்தில் செயலிழந்தன. எல்லாச் சேனலையும் ஒரே பூட்டுக்குள் வைத்தால், பூட்டு கெட்டுப்போகும் நாளில் மாநிலத்தில் பெரும்பகுதி இருளும். தூர்தர்ஷன் மட்டுமாவது திறந்து வந்திருந்தால் அன்று அந்த வீடுகளில் செய்தியாவது ஓடியிருக்கும்.

'கட்டணச் சேனலும் இலவசச் சேனலும் ஒரே வயரில் வரும்போது ஒன்றைப் பூட்டி ஒன்றைத் திறப்பது எப்படி' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தொழில்நுட்பத்தில் இது ஒரு கேள்வியே அல்ல. மறையாக்கம் சேனல் சேனலாகத்தான் நடக்கிறது. கேபிள் நிறுவனத்தின் தலைமை நிலையத்தில் எந்தச் சேனலுக்குப் பூட்டு வேண்டும் என்பதைத் தனித்தனியாகவே வைக்கலாம். கேபிள் நடத்தும் நண்பர்களின் அச்சம் வேறு. மாதக் கட்டணம் கட்டாதவருக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே இணைப்பைத் துண்டிக்க இப்போது முடிகிறது. சேனல் திறந்து வந்தால் கம்பத்துக்குப் போய் வயரைக் கழற்ற வேண்டும், பக்கத்து வீட்டுக்கு ஸ்பிளிட்டர் போட்டு இழுத்துவிடுவார்கள் என்கிறார்கள். அச்சம் நியாயமானது. ஆனால் இழுத்தாலும் கிடைப்பது இலவசச் சேனல்கள் மட்டும்தான். கட்டணச் சேனல் பூட்டியபடியேதான் இருக்கும். லைனுக்கான கட்டணத்தை அவர்கள் வாங்கட்டும், அதை யாரும் இலவசமாகக் கேட்கவில்லை. இன்னொன்றையும் அவர்களிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். புது டி.வி. வாங்கும் இளைஞர்கள் பெட்டியைக் கண்டாலே வேண்டாம் என்று வைஃபையோடு நின்றுவிடுகிறார்கள். கட்டண டி.டி.எச். சந்தாதாரர்கள் குறைந்துகொண்டே போவதை ட்ராயின் அறிக்கைகளே காட்டுகின்றன. வயரைச் செருகினால் படம் வரும் என்றால், கேபிளை விட்டுப் போகிறவர்களில் சிலராவது நிற்பார்கள்.

இதைவிட எனக்கு விளங்காத ஒன்று உண்டு. தூர்தர்ஷனின் டி.டி. ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரிலிருந்து நடக்கிறது. ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து தூர்தர்ஷன் சேனல்கள் பூட்டில்லாமல் நாடு முழுக்க இறங்குகின்றன. எங்கள் மொட்டை மாடியில் ஒரு டிஷ்ஷும் எல்.என்.பி.யும் (டிஷ்ஷின் முன்னால் இருக்கும் சிக்னல் வாங்கி) வைத்தால் அந்தச் சேனல் திறந்தே கிடைக்கும். அதே சேனல், அதே நேரத்தில், அதே வீட்டின் கூடத்துக்குக் கேபிளில் வந்தால் பூட்டோடு வருகிறது. கேபிள்காரர் தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் கொடுத்தாக வேண்டும் என்று அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. கட்டாயம் கொடு என்றும் சொல்லி, பூட்டித்தான் கொடு என்றும் சொன்னால், அந்தக் கட்டாயத்தால் பார்ப்பவருக்கு என்ன பலன்?

செயற்கைக்கோள் பக்கம் நீங்கள் ஒரு நல்ல காரியம் செய்தீர்கள். டி.வி.க்குள்ளேயே செயற்கைக்கோள் ட்யூனர் வைப்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 18112 என்ற தரத்தை வகுத்து, 2023 ஜனவரியில் அறிவித்தது. டிஷ்ஷையும் எல்.என்.பி.யையும் நேராக டி.வி.யில் இணைத்து இலவசச் சேனல்களைப் பார்க்கலாம், பெட்டி வேண்டாம் என்று அரசே விளக்கம் கொடுத்தது. அன்று என் கடையில் அந்தச் செய்தியைப் பலருக்கும் நானே படித்துச் சொன்னேன். ஆனால் சென்னையில் அடுக்குமாடியில் குடியிருப்பவருக்கும், வாடகைக்கு இருப்பவருக்கும், மொட்டை மாடி வீட்டுக்காரர் கையில் இருக்கும்போது டிஷ் வைக்க இடம் ஏது? அவர்களுக்கு வீட்டுக்குள் வருவது கேபிள் மட்டும்தான். டிஷ் வைத்திருப்பவருக்குப் பெட்டி தேவையில்லை என்று ஒப்புக்கொண்ட அரசு, கேபிள் வைத்திருப்பவரை மட்டும் ஏன் மறந்தது?

வெளிநாட்டைப் பார்த்து ஏங்குவது என் பழக்கமல்ல. ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும். என் அக்கா மகன் ஜெர்மனியில் இருக்கிறான். வீட்டுச் சுவரில் உள்ள கேபிள் சாக்கெட்டிலிருந்து வயரை எடுத்து டி.வி.யில் செருகி ஸ்கேன் போட்டான், சேனல்கள் வந்துவிட்டன என்று வீடியோ காலில் காட்டினான். பெட்டி எங்கே என்று கேட்டேன். பெட்டியா என்று அவன் என்னைத் திருப்பிக் கேட்டான். பிறகு இதைத் தேடிப் படித்தேன். அங்கேயும் தனியார் இலவசச் சேனல்களைப் பூட்டி வைத்திருந்தார்கள். இரண்டு பெரிய ஒளிபரப்புக் குழுமங்கள் கூட்டுச் சேர்ந்து பூட்டின என்று சொல்லி, அந்நாட்டின் போட்டிக் கண்காணிப்பு அமைப்பு 2012 டிசம்பரில் மொத்தம் 55 மில்லியன் யூரோ அபராதம் போட்டது. சாதாரணத் தரச் சேனல்கள் அதன்பின் திறக்கப்பட்டன. இங்கே அப்படிப் பூட்டச் சொல்வது சட்டமே.

கட்டணச் சேனலுக்கும் ஐரோப்பாவில் வழி வைத்திருக்கிறார்கள். 30 சென்டிமீட்டருக்கு மேல் திரையுள்ள டிஜிட்டல் டி.வி. எதிலும் பொது இடைமுகத் துளை இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002இலேயே விதித்துவிட்டது. கைக்கடக்கமான ஒரு மாட்யூலை அதில் செருகிச் சந்தா கட்டினால், டி.வி. ரிமோட்டிலேயே கட்டணச் சேனலும் ஓடும். அமெரிக்காவின் வழி அவ்வளவு நேராக இல்லை. அங்கே 2007 மார்ச்சிலிருந்து விற்கும் எல்லா டி.வி.யிலும் டிஜிட்டல் ட்யூனர் கட்டாயம் ஆனது. கேபிளில் அடிப்படைச் சேனல்கள் திறந்தே வந்தன. 2012இல் அங்குள்ள தகவல்தொடர்பு ஆணையம் அவற்றையும் பூட்ட அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் அனுமதி கொடுத்தபோதே, அடிப்படைச் சேனல் மட்டும் பார்க்கும் வீடுகளுக்கு, பூட்டும் நிறுவனங்கள் இரண்டு வருடத்துக்கு இலவசமாகக் கருவி கொடுக்க வேண்டும், அரசு மருத்துவ உதவி பெறும் ஏழை வீடுகளுக்கு ஐந்து வருடத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. பூட்டினாலும், யாருக்குக் கதவு அடைபடுகிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். எங்களை எண்ணிப் பார்த்ததற்கு எந்த அடையாளமும் எனக்குத் தெரியவில்லை.

நம்மிடம் விதி இல்லாமல் இல்லை. டி.டி.எச். உரிமம் கொடுத்த காலத்திலிருந்தே, பெட்டிகள் திறந்த வடிவமைப்பில், ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொன்றோடு இயங்கும்படி இருக்க வேண்டும் என்று உரிம நிபந்தனையில் எழுதியிருக்கிறது. எழுதியதோடு சரி. டி.டி.எச். நிறுவனம் மாறியபோது பழைய பெட்டியைப் புது இணைப்பில் ஓட்டிய ஒரு வாடிக்கையாளரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. அதனால்தான், 'படிப்படியாகப் பரிசீலிப்போம்' என்ற பதில் வந்தால் எனக்கு நம்பிக்கை வராது.

கடைகளில் நடப்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். டி.வி.யின் அட்டைப் பெட்டியில் 'டிஜிட்டல் ட்யூனர் உள்ளடங்கியது' என்று அச்சடித்திருக்கும். எந்த ட்யூனர்? தரைவழி ஒளிபரப்புக்கான டி.வி.பி.-டி2 தானா, கேபிளுக்கான டி.வி.பி.-சியா, செயற்கைக்கோளுக்கான டி.வி.பி.-எஸ்2வா? மூன்றும் வேறு வேறு. ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே நிறுவனத்தின் ஒரே அளவுள்ள இரண்டு மாடல்களில்கூட மாறும். விற்பவருக்குத் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது, கடைசியில் என்னிடம் வந்து கேட்பார்கள். 2016இல் தூர்தர்ஷன் 16 நகரங்களில் டி.வி.பி.-டி2 ஒளிபரப்பைத் தொடங்கியதாக அறிவித்தபோது அதில் சென்னையும் இருந்தது. தங்கள் டி.வி.க்குள் அதற்கான ட்யூனர் இருக்கிறது என்று தெரிந்த ஒரு வீட்டைக்கூட எங்கள் பகுதியில் நான் பார்க்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள மக்களுக்கு உரிமை உண்டு.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

கேபிள் டி.வி. சட்டத்தின் 4-ஏ பிரிவைத் திருத்துங்கள். மறையாக்கக் கட்டாயம் கட்டணச் சேனல்களுக்கு மட்டும் என்று 2002இல் இருந்த நிலைக்கு அதைக் கொண்டுவாருங்கள். திருத்தம் வர நாளாகும் என்றால், அரசின் சொந்தச் சேனல்களான தூர்தர்ஷன் சேனல்களையாவது கேபிளில் மறையாக்கம் இல்லாமல், டி.வி.பி.-சி ட்யூனர் உள்ள எந்த டி.வி.யிலும் தெரியும்படி அனுப்பச் சட்டப்படி என்ன வழி உண்டோ அதை உடனே செய்யுங்கள். எனக்கு இதுதான் முதன்மையானது. மற்றவை தாமதமானாலும் இது தாமதமாகக் கூடாது.

2020 ஏப்ரல் பரிந்துரையை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று அமைச்சகம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஏற்றால், எந்தத் தேதியிலிருந்து விற்கும் டி.வி.களில் பொது இடைமுகம் கட்டாயம் என்று நாள் குறியுங்கள். இடைமுகம் மட்டும் வந்து மாட்யூல் சந்தையில் கிடைக்காமல் போனால் டி.டி.எச். உரிம நிபந்தனையின் கதைதான் மறுபடி நடக்கும். ஆகவே ஒவ்வொரு கேபிள், டி.டி.எச். நிறுவனமும் தன் மாட்யூலைத் தனியாக விற்றே ஆக வேண்டும், அதன் விலை செட்டாப் பாக்ஸின் விலையைத் தாண்டக் கூடாது என்பதையும் அதே உத்தரவில் சேருங்கள். மறுத்தால், காரணத்தை எழுதி வெளியிடுங்கள்.

ஐ.எஸ். 18112 போல, கேபிள் ட்யூனர் உள்ள டி.வி.க்கும் ஒரு இந்தியத் தரம் வகுக்கும்படி தர நிர்ணய அமைவனத்திடம் கேளுங்கள். நட்சத்திர முத்திரை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே எந்தெந்த ட்யூனர் உள்ளே இருக்கிறது, பொது இடைமுகம் இருக்கிறதா இல்லையா என்பதை அந்தந்த மாநில மொழியில் அச்சிட வைப்பது அதைவிடச் சின்ன வேலை. அதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

பழைய பெட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பொறுப்பை, அவற்றைக் கொடுத்த நிறுவனங்களின் மீதே வையுங்கள். காசு கொடுத்து வாங்கிய வாடிக்கையாளருக்கு ஒரு தொகை திரும்பக் கிடைக்க வேண்டும்.

இதைப் பற்றிக் கலந்தாய்வு நடத்தினால், ஆங்கிலத்தில் மட்டும் ஆவணம் வெளியிட்டு மின்னஞ்சலில் கருத்துக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். தமிழிலும் வெளியிடுங்கள். சென்னையில் ஒரு அமர்வு வையுங்கள். கேபிள் நடத்துபவர்கள், மெக்கானிக்குகள், வீட்டில் இரண்டு ரிமோட்டோடு போராடும் முதியவர்கள் ஆகியோரை அழையுங்கள். நான் ஒரு டி.வி.யையும் ஒரு கேபிள் லைனையும் கொண்டுவந்து, உங்கள் கண்முன்னே ஸ்கேன் போட்டுக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
டி.வி. மெக்கானிக் ஒருவர்,
வடசென்னை.